கடைசியாகப் பக்கத்தில் நின்றவள்

சல்லிக் கடற்கரையில் கருவாட்டு வாடியில் வேலை செய்கிற சிவாஜினியைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஊர்க்கதைக்குப் போகாதவள், சொன்ன வேலைக்கு முகம் சுளிக்காதவள், முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு கழுத்தில் தாலி ஏறினாலும் புருசனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறவள் என்பார்கள். அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அது அவள் கழுத்தில் ஏறிய இரண்டாவது தாலி என்பது சல்லியில் ஈ காக்கைக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய முழுநேர வேலை. கருவாடு புரட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புருசன் சிவரூபன் படகு எஞ்சின் திருத்துகிறவன். கோபம் வந்தால் பேச்சைக் குறைப்பானே தவிர குரலை உயர்த்தமாட்டான். படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துப் பார்த்தே நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. தாய் போன பிறகு, வாடியில் தலையைக் குனிந்தபடி மீன் கீறிக்கொண்டிருந்த சிவாஜினியை அவனாகவே வந்து கேட்டான். முத்துமாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவாளரையும் அழைத்திருந்தார்கள். பதிவாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "பிள்ளை முந்திக் கலியாணம் செய்தனீங்களோ?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். "இல்லை" என்றாள் சிவாஜினி. அவர் எழுதிக்கொண்டே போனார். அது நடந்து ஒன்றரை வருசம். இப்போது அவளுக்கு ஐந்து மாதம். இந்த வயதில் வயிறு தங்கியதே பெரிய காரியம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சிவரூபன் தொட்டிலுக்குக் கொக்கி அடித்துவிட்டான், அதற்குள்ளேயே.

இந்த நேரம் பார்த்துத்தான் கனகம்மா வந்து நின்றாள்.

வெருகலில் காலை பஸ் ஏறி, டவுனில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் சல்லிக்கு வந்து, வாடி வாடியாக விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். எழுபதை நெருங்கிய கிழவி. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் கடதாசிகள். சிவாஜினி வலையில் காய்ந்துகொண்டிருந்த பாரைத் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"பிள்ளை, என்னைத் தெரியுதோ?"

தெரியாமல் என்ன. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்க்கிறார்கள் என்று, கையைக்கூடக் கழுவாமல் கிழவியை இழுத்துக்கொண்டு கரையேற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் போனாள்.

"எப்பிடி மாமி என்னைக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"இஞ்சத்தைக் கோயில் பொங்கலை ஆரோ போனில எடுத்துப் போட்டிருக்கினம். எங்கட பெட்டையள் பாத்துக்கொண்டிருக்க, அதில நீ பானையோட போறாய்." கிழவியின் கண் அவள் வயிற்றில் போய் நின்றது. "எத்தினை மாசம்?"

"அஞ்சு."

"நல்லம். நல்லா இரு. நான் உன்ர வாழ்க்கையைக் குழப்ப வரேல்ல பிள்ளை. என்ர பிள்ளைக்காகத்தான் வந்தனான்."

அந்தப் பிள்ளைதான் தர்சன். சிவாஜினியின் முதல் புருசன்.

அந்தக் கலியாணத்தைக் கலியாணம் என்று சொல்ல அப்போது எல்லோருக்கும் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம். வெருகல் பக்கத்து ஊர்களில் இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தது. கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு கதை பரவியதுதான் தாமதம், பதினெட்டு முடிந்ததும் முடியாததுமாகப் பெற்றோர் பிள்ளைகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினார்கள். சாதகம் பார்க்கவில்லை, சீதனம் பேசவில்லை. எந்த வீட்டில் பெடியன் இருக்கிறான், எந்த வீட்டில் பெட்டை இருக்கிறாள் என்பது மட்டும்தான் பொருத்தம். ஊரில் நல்ல கூறைச் சேலை ஒன்றுதான் இருந்தது, ஒரு ரீச்சரின் சேலை. அந்தக் கிழமை மட்டும் ஐந்து பெண்கள் அதை மாறி மாறிக் கட்டினார்கள். கலியாணப் படங்களை வைத்துச் சரி பிழை பார்க்க வந்த இயக்கக்காரன் ஐந்தாவது படத்தையும் பார்த்துவிட்டு, "இந்தச் சேலைக்கு எத்தினை புருசன்?" என்று கேட்டானாம். கேட்டவனும் சிரித்தான், கேட்கப்பட்டவர்களும் சிரித்தார்கள். அந்த ஐந்தாவது படம் சிவாஜினியுடையது. பதிவாளரைக் கொண்டு எழுதிய துண்டும் இருந்தபடியால் விட்டுவிட்டுப் போனான்.

கரைச்சல் தீர்ந்ததும் அவரவர் வழியில் போகலாம் என்பதுதான் இரண்டு வீட்டாரின் ஒப்பந்தம். தர்சனுக்கு இருபத்தொன்று, தாய்க்கு ஒரே பிள்ளை. சிவாஜினியை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டான். முதல் மாதம் முழுக்க விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தான். அடுத்த மாதம் அவளுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளித்தது. தாய் வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாமல் பாதை பூட்டியிருந்தது. கனகம்மா கஞ்சி வைத்தாள். தர்சன் வேப்பிலைக் கொத்தோடு பதினொரு நாள் பக்கத்தில் இருந்தான், சொறிய விடாமல் கையைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் வார்த்த பிறகு ஒப்பந்தத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஊர் சிரித்த அந்தக் கலியாணம் உள்ளுக்குள் உண்மையாகிவிட்டது. அவள் வாழ்நாளில் பயமில்லாமல் இருந்த நாட்கள் அவ்வளவுதான், ஷெல் விழுந்த காலத்தில் பயமில்லாமல் இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்.

ஆவணியில் சண்டை தொடங்கியது. ஊரோடு வாகரைக்கு ஓடினார்கள். அங்கே அவளுடைய தகப்பன் ஷெல்லில் போனார். தை மாதம் அங்கிருந்தும் சனம் வெளியேறியது. கனகம்மா இரண்டு நாள் முந்திக் காட்டு வழியால் போய்விட்டாள். சிவாஜினியும் தர்சனும் ரோட்டு வழியால் வந்தார்கள். முகாமுக்கு சிவாஜினி மட்டும் போய்ச் சேர்ந்தாள்.

"சனத்துக்குள்ள தவறவிட்டிட்டன் மாமி" என்று சொன்னாள்.

கனகம்மா குழறி அழுதாள். பிறகு மருமகளைக் கட்டிப்பிடித்து, "கடைசியாப் பக்கத்தில நீயாவது நிண்டியே, அது போதும்" என்றாள். அந்த முகாமில் வருவோர் போவோருக்கெல்லாம் அதைச் சொன்னாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சிவாஜினி எழுந்து தண்ணீர் அள்ளப் போனாள், ஏனென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் தாங்கினாள். முகாமிலிருந்த அவளுடைய தாயும் கண்ணை மூடிய பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் திருகோணமலை டவுனுக்கு வந்து ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள். மஞ்சள் கயிற்றைக் கழற்றியது அங்கேதான். அப்படியே பதினெட்டு வருசம் போய்விட்டது.

படகுகளின் நிழலில் கனகம்மா கோப்பை விரித்தாள். எத்தனையோ விசாரணை, எத்தனையோ கடதாசி. காணாமற்போனோர் அலுவலகத்தில் இப்போது மறுபடியும் விசாரிக்கிறார்களாம். காணாமற்போனவர் கலியாணம் முடித்தவர் என்று பதிவில் இருக்கிறது, ஆகவே மனைவி வந்து வாக்குமூலம் தரவேண்டும், கடைசியாகக் கண்டவரும் அவர்தானே என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீ வந்து ஒருக்காச் சொல்லு பிள்ளை. வேற ஒண்டும் வேண்டாம்."

"வரேலாது மாமி. இவருக்கு ஒண்டும் தெரியாது. பதிவில நான் முந்திக் கட்டேல்லையெண்டு சொல்லிப்போட்டன். அது வெளியில வந்தால் இந்தக் கலியாணம் செல்லாது. பிள்ளைக்குத் தகப்பன் பேர் இல்லாமப் போகும்."

கிழவி கோப்பை மூடினாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"சல்லியெண்டு நான் உன்ர விலாசத்தைக் குடுத்திட்டன் பிள்ளை. கடிதம் வரும்."

அன்றிலிருந்து சிவாஜினி தபால்காரருக்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். வாடிக்குப் போகவில்லை. இடுப்பு நோகிறது என்று சொன்னாள். எட்டு நாள் படலையடியிலேயே நின்றாள். ஒன்பதாம் நாள் கிளினிக். பிறக்கப்போகிற பிள்ளையின் துடிப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் கடிதம் கிடந்தது. பதிவுத் தபால். சிவரூபன் கையெழுத்து வைத்து வாங்கியிருந்தான். உறைக்கு மேலேயே தட்டச்சில் இருந்தது: திருமதி தர்சன் சிவாஜினி.

"இது ஆர்?" என்றான் சிவரூபன்.

நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். இயக்கம் ஆள் கேட்டது, சேலை, பதினொரு நாள் வேப்பிலை, வாகரை எல்லாவற்றையும் சொன்னாள். ரோட்டில் வைத்து சனத்துக்குள் தவறவிட்டதாகச் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அதை அவள் தனக்கே சொன்னதில்லை.

சிவரூபன் இரண்டு நாள் பேசவில்லை. எஞ்சினைக் கழற்றினான், பூட்டினான், திரும்பக் கழற்றினான். மூன்றாம் நாள் காலை கையில் எண்ணெயோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"அந்தக் காலத்தில எத்தினை பேர் அப்பிடிக் கட்டினவை. என்ர சித்தப்பாட மகள் ஒருத்தியும் கட்டினவள். அதில பிழை இல்லை. நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னாக் கட்டியிருப்பீங்களோ?"

"தெரியாது. சொல்லியிருந்தாத்தானே தெரியும்." கொஞ்ச நேரம் கையைத் துடைத்தான். "விசாரணைக்குப் போவம். அந்த மனிசி பாவம். உள்ளதைச் சொல்லு."

"நான் இப்ப ஆரோட இருக்கிறன் எண்டு கேட்டா?"

"என்ர மனிசியெண்டு நான் சொல்லுறன். வழக்குப் போட்டாப் போடட்டும். ரெண்டு பேரும் போய் நிப்பம்."

சிவாஜினி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். இப்படி ஒருவன் தனக்குக் கிடைத்திருக்கிறான் என்பதை அவள் அன்றைக்குத்தான் முழுசாக நம்பினாள்.

விசாரணை நாளன்று சிவரூபன் கூட்டாளி றுவைஸின் ஓட்டோவை இரவல் வாங்கி, பின் இருக்கையில் தலையணை போட்டு, பள்ளம் திட்டி பார்த்து மெதுவாக ஓட்டிப்போனான். மண்டபத்தில் மின்விசிறி சத்தமாகச் சுழன்றது. கனகம்மா விடியவே வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். துவைத்து மடித்த வெள்ளைச் சேலை. சிவாஜினியைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை. விசாரித்தவர் நடுத்தர வயதுப் பெண், பொறுமையானவர். துணைக்கு வந்தவர் பின்னால் இருக்கலாம் என்று சிவரூபனுக்கும் ஒரு கதிரை காட்டினார்.

பெயர், திகதி, கலியாணம் எல்லாம் எழுதியானது. கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று கேட்டார். சிவாஜினி பதினெட்டு வருசமாகச் சொல்லிவந்ததையே சொன்னாள்.

"வாற வழியில சனத்துக்குள்ள தவறவிட்டிட்டன்."

"எந்த இடம்? ஆரும் பிடிச்சதைக் கண்டனீங்களோ?"

"இல்லை."

அந்தப் பெண் பேனாவை வைத்தார். "அப்பிடியெண்டா இதை மேல கொண்டுபோக ஏலாது அம்மா" என்று கனகம்மாவைப் பார்த்துச் சொன்னார். "இடம் இல்லை, கண்ட ஆள் இல்லை. மரணச் சான்றிதழுக்கு எழுதித் தாறதைத்தவிர நாங்கள் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை."

கனகம்மா மரணச் சான்றிதழை ஒன்பது முறை வேண்டாம் என்று சொன்னவள். அன்றைக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் இன்னும் இறுக்கினாள்.

"வடிவா யோசிச்சுப் பார் பிள்ளை. நீதானே கடைசியாப் பக்கத்தில நிண்டனீ. ஒரு சின்ன விசயமெண்டாலும் போதும்."

இன்னொரு முறை இல்லை என்று சொன்னால் தர்சன் இந்த மண்டபத்திலேயே செத்துவிடுவான், தன் வாயாலேயே சாவான் என்று தெரிந்தது. பின்னால் சிவரூபன் இருக்கிறான் என்ற தைரியமும் இருந்தது. உள்ளதைச் சொல்லு என்றவன் அவன்தானே.

"பிடிச்சதைக் கண்டனான்" என்றாள்.

பேனா திரும்ப எழுந்தது.

"வாகரையால வெளியில வாற ஆமிச் சோதனைச் சாவடியில. ஆம்பிளையள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. நடுவில முகத்தை மூடினபடி ஒரு தலையாட்டி. அவன் தலையை ஆட்டினா ஆளைப் பிடிச்சு அங்கால விடுவினம். அவர் எனக்கு நேர மற்ற வரிசையில நிண்டவர். தலையாட்டி ஆட்டினவன். உடன அவற்ர கையைப் பிடிச்சிட்டினம். அவர் என்னைப் பாத்தவர். அதைக் கண்டிட்டு, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் என்னட்ட வந்து, இவன் உனக்கு ஆர் எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கு முன்னால ஒரு பிள்ளை, தன்ர புருசன் எண்டு சொன்னவள். அவளையும் கூட்டிக்கொண்டு போனவை. நான் தாலிக்கயித்தைச் சட்டைக்குள்ள தள்ளிப்போட்டு, தெரியாதெண்டு சொன்னனான்."

விசாரித்தவர் அதையும் எழுதினார்.

"பிறகு அவரிட்டயும் கேட்டவை, இவள் ஆரெண்டு. அவரும் தெரியாதெண்டு சொன்னவர். தான் தனியத்தான் வந்தனான் எண்டு சொன்னவர். ஒரு பச்சை லொறியில ஏத்தினவை. நான் நடந்து போயிட்டன். திரும்பிப் பாக்கேல்ல."

கனகம்மாவின் கை அவள் கையிலிருந்து கழன்றது. எப்போது கழன்றது என்று சிவாஜினி கவனிக்கவில்லை.

"என்ன சேட்டுப் போட்டிருந்தவன்?" என்று கேட்டாள் கிழவி.

"வெள்ளை. கறுப்புக் கோடு போட்டது."

"ஓம்" என்றாள் கனகம்மா. அதற்குப் பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். "பதினெட்டு வருசமா ஒண்டை நினைச்சுத்தான் நான் கண்ணை மூடினனான். அவன் தனியப் போகேல்ல, நீ பக்கத்தில நிண்டாய் எண்டு."

திட்டவில்லை, மண்ணள்ளித் தூற்றவில்லை. செய்திருந்தால் சிவாஜினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கிழவி கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து இருந்தாள்.

விசாரித்தவர் இடத்தையும் திகதியையும் லொறியின் நிறத்தையும் இரண்டாம் முறை கேட்டு எழுதினார். இது போதும், இதை மேலே அனுப்பலாம் என்றார். கனகம்மா தேடி வந்தது கிடைத்துவிட்டது. கையெழுத்து வைக்கக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அவருடைய கண் சிவாஜினியின் வயிற்றிலும் கழுத்திலும் பட்டது.

"தங்கச்சி இப்ப ஆரோட இருக்கிறீங்கள்? பின்னால இருக்கிறவர் ஆர்?"

சிவாஜினி திரும்பிப் பார்த்தாள். சிவரூபன் எழுந்து நின்றான். ஓட்டோவைக் கிளப்புகிற திறப்பு அவன் கையில் இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நான் ஓட்டோ ஓடுறனான் மிஸ். சல்லியில இருந்து ஏத்திக்கொண்டு வந்தனான். ஆளை எனக்குத் தெரியாது."

அவர் சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வழக்கு இல்லை, குற்றம் இல்லை, பிள்ளையின் தகப்பன் பெயருக்கும் கேடில்லை. எதற்காக அவள் இத்தனை நாள் பயந்தாளோ அது ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் படி இறங்கும்போது முன்னால் போன அவனுடைய முதுகையே அவள் பார்த்துக்கொண்டு போனாள்.

நிலாவெளி வீதியில் ஓட்டோ போய்க்கொண்டிருந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அவன் வேகத்தைக் குறைத்தான். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, இரவல் வண்டி என்பதாலும் இருக்கலாம். உப்புவெளி தாண்டும்வரை பொறுத்திருந்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று அவன் வாயால் ஒரு சொல் வந்தால் போதும் என்றிருந்தது.

"இஞ்சேருங்கோ" என்றாள். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"என்னைத் தெரியாதெண்டு நீ சொல்லுறதுக்கு முதல் நான் சொல்லிட்டன்."